பூட்டிய கேட்டுக்கு உள்ளேயிருந்து

கால்பந்து லீக்கை நடத்துகிறவர்களுக்கும், மைதான நிர்வாகங்களுக்கும், ஆட்டத்தன்று பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை என் அணியின் பின்னாலேயே வெளியூர் ஆட்டங்களுக்குப் போகிறவன். ரசிகர் சங்கத்தில் எந்தப் பதவியிலும் இல்லை, யாரும் என்னை எழுதச் சொல்லவும் இல்லை. உங்கள் மைதானத்தின் ஒரு மூலையில், கார்னர் கொடிக்கு மேலே, வலைக்குப் பின்னால் ஒரு சின்னக் கூட்டம் நின்று கத்திக்கொண்டிருக்குமே, அதில் நானும் ஒரு தலை.

போன சீசனில் ஒரு ராத்திரி ஆட்டம். எந்த மைதானம் என்பது இங்கே வேண்டாம். நாங்கள் தோற்றோம், அது பழகிப்போன விஷயம். கடைசி விசில் ஊதினதும் ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "வெளியூர் ரசிகர்கள் தங்கள் இடத்திலேயே இருக்கவும்." அவ்வளவுதான். ஏன் என்றும் சொல்லவில்லை, எவ்வளவு நேரம் என்றும் சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் மற்ற மூன்று பக்கமும் காலி. இருபது நிமிஷத்தில் புல்தரையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வந்து கோல் வலையை அவிழ்த்துச் சுருட்டினார்கள். அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்து விளக்குகள் வரிசையாக அணைந்தன. நாங்கள் நின்றுகொண்டேயிருந்தோம்.

எனக்கு முன்வரிசையில் ஓர் அப்பா, கூட ஏழெட்டு வயசுப் பெண் குழந்தை. குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே இருந்த கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி வைத்திருந்தவரின் வேலை நேரம் முடிந்துவிட்டதாம். "சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று அந்த அப்பா மஞ்சள் மேலங்கி போட்ட ஊழியரிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில்: "மேலேயிருந்து இன்னும் தகவல் வரலை." அந்த ஊழியர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது. கடைசியில் நாலைந்து பெண்கள் எங்கள் பேனரைக் கம்பியிலிருந்து அவிழ்த்து, ஒரு தூணைச் சுற்றித் திரை மாதிரி பிடித்துக்கொண்டார்கள். எங்கள் அணியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதின பேனர். அந்தப் பெயருக்குப் பின்னால் குழந்தை போய்விட்டு வந்தது.

ஐம்பத்தைந்தாவது நிமிஷத்தில் கேட் திறந்தது. கடைசி ரயில் ஒன்பது நிமிஷத்துக்கு முன்னால் போய்விட்டிருந்தது. அன்று ராத்திரி முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில்தான்.

இதைப் படித்துவிட்டு, "ரசிகர்களைப் பிடித்து வைக்கவே கூடாது என்கிறான்" என்று நினைத்துவிடாதீர்கள். எதற்காகப் பிடித்து வைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரே தெருவில் இரண்டு கூட்டம் முட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களில் சிலர் அதற்காகவே காத்திருப்பார்கள் என்பதும் தெரியும். என் புகார் பூட்டின் மேல் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பூட்டுவதுதான் புகார்.

ஏனென்றால் அதே சீசனில் வேறொரு மைதானத்தில் நடந்ததையும் பார்த்தேன். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓர் ஊழியர் எங்கள் படிக்கட்டில் ஒவ்வொரு வரிசையாக ஏறி வந்தார். கையில் காகிதம்கூட இல்லை. "முடிஞ்சதும் இருபது நிமிஷம் இங்கேயே இருக்கணும். வலது பக்கத்துத் தெரு காலியானதும் திறந்துடுவோம். கழிப்பறை திறந்திருக்கும், தண்ணி கீழே இருக்கு. ரயில் பிடிக்கணும்னா வெளியே வந்ததும் இடது பக்கம் போங்க, வலது பக்கம் வேண்டாம்." இருபத்திரண்டாவது நிமிஷம் கேட் திறந்தது. அன்றும் தோற்றோம். ஆனால் ஒருத்தரும் கம்பியைப் பிடித்து ஆட்டவில்லை. இரும்பும் பூட்டும் அங்கேயும் இதேதான், கூட்டமும் இதேதான். ஒரு மனுஷன் மேலே ஏறி வந்து பேசினதுதான் வித்தியாசம்.

மொழிகளைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புரியும். ஜெர்மன்காரர்கள் வெளியூர் ரசிகர்களின் பகுதிக்கு 'கெஸ்டேபிளாக்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், விருந்தாளிகள் பகுதி என்று அர்த்தம். இத்தாலியர்களின் 'செட்டோரே ஓஸ்பிட்டி'யும் அதே விருந்தாளிதான். பிரெஞ்சில் பேச்சுவழக்கில் 'பர்காஷ்' என்பார்கள். ஆடுமாடுகளைப் பட்டியில் அடைப்பதற்கும் அந்தச் சொல்லே. மூன்றில் எந்தப் பேர் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எங்களைக் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வோம். இதில் நாட்டு வித்தியாசமும் கிடையாது. விருந்தாளி என்று எழுதிப்போட்ட கேட்டிலும் பட்டியில் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறேன்.

உள்ளே நுழைவதையும் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்குப் பத்து வாசல் இருந்தால் எங்களுக்கு ஒன்று. அதிலும் சோதனை செய்யப் பெண் ஊழியர் ஒரே ஒருவர், அல்லது அவரும் இன்னும் வந்து சேரவில்லை. ஆட்டம் தொடங்கின பிறகும் மதில் சுவருக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு தனி வித்தை வந்துவிடும், சத்தத்தை வைத்தே கோல் யாருடையது என்று கண்டுபிடிப்பது. மைதானமே அதிர்ந்தால் அவர்களுடையது. சட்டென்று ஒரு நிசப்தம் விழுந்து, அதற்குள்ளே ஒரு மூலையிலிருந்து மட்டும் கீச்சென்று ஒரு கத்தல் வந்தால் நம்முடையது. எங்கள் அணி அந்த சீசனில் வெளியூரில் போட்ட மிக அழகான கோலை நான் இப்படித்தான் 'பார்த்தேன்'. செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

இது வெறும் வசதிக் குறைவு என்று நினைத்தால் தப்பு. வாசலில் நெரிசல் எப்படி உண்டாகிறது, அப்புறம் பழி யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி உங்கள் துறைக்கே நன்றாகத் தெரிந்த இரண்டு நாட்கள் இருக்கின்றன.

1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானம். எஃப்ஏ கோப்பை அரையிறுதி, இரண்டு அணிக்கும் பொதுவான மைதானம். அதாவது வந்திருந்த இரண்டு கூட்டமுமே வெளியூர்க்காரர்கள். லிவர்பூல் ரசிகர்களின் வாசலில் நெரிசல் கூடினதும் போலீஸ் தலைமை அதிகாரியே ஒரு கேட்டைத் திறக்கச் சொன்னார். கூட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக் கூண்டுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. முன்னால் கம்பி வேலி. 97 உயிர்கள். ரசிகர்களே கேட்டை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அன்றே கதை கட்டிவிட்டார்கள். அந்தப் பழி முழுசாகத் துடைக்கப்பட 27 வருஷம் ஆனது. 2016-ல்தான் விசாரணை நடுவர் குழு, இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்களின் நடத்தை இதற்குக் காரணமில்லை என்று சொன்னது.

2022 மே 28, பாரிஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். லிவர்பூல் ரசிகர்கள் குறுகலான வழியில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், போலீஸ் கண்ணீர்ப்புகை வேறு அடிக்கிறது. உள்ளே பெரிய திரையிலோ, ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தாமதம் என்று போடுகிறார்கள். 33 வருஷம் கழித்தும் முதலில் வாயில் வந்த வாக்கியம் அதேதான் பாருங்கள். அடுத்த பிப்ரவரியில், அந்தப் போட்டியை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ தானே நியமித்த தனி ஆய்வுக் குழு, முதன்மையான பொறுப்பு யூஇஎஃப்ஏவுக்குத்தான் என்று எழுதியது. அந்த ராத்திரி உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியதற்குப் பெரும் காரணம் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தது. அதில் பலர் ஹில்ஸ்பரோவை நேரில் பார்த்தவர்கள்.

"அப்படியானால் வெளியூர் ரசிகர்களையே வரவிடாமல் தடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லையே" என்று ஒரு குரல் உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும். நிறைய இடத்தில் செய்தும் பார்த்துவிட்டார்கள். பிரான்ஸில் ஓர் அதிகாரியின் உத்தரவு போதும், ஆட்டத்துக்கு ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதுகூடத் தடை வந்து நிற்கும். அர்ஜென்டினாவில் 2013-லிருந்து பத்து வருஷத்துக்கும் மேல் லீக் ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்குப் பொதுவாகத் தடை. அதற்கு உடனடிக் காரணமான சம்பவம் என்ன என்று ஞாபகம் இருக்கிறதா? லா பிளாட்டாவில் நடந்த ஆட்டத்துக்கு வந்த லானூஸ் அணி ரசிகர் ஒருவர் போலீஸ் சுட்ட ரப்பர் குண்டு பட்டுச் செத்துப்போனார். சுட்டது ஒருத்தர், தண்டனை இன்னொருத்தருக்கு.

தடை போட்டால் உயிர் பிழைக்கும் என்பதற்குப் பதில் இந்தோனேசியாவில் இருக்கிறது. 2022 அக்டோபர் 1, மலாங் மாவட்டத்தின் கஞ்சுருகான் மைதானம். உள்ளூர் அணி அரேமாவுக்கும் வெளியூர் அணி பெர்செபாயாவுக்கும் பரம பகை என்பதால் பெர்செபாயா ரசிகர்களை வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். யாரும் வரவும் இல்லை. உள்ளூர் அணி தோற்றது, ரசிகர்கள் புல்தரைக்குள் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகையைப் பார்வையாளர் பகுதிக்குள்ளேயே அடித்தது. மைதானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. மூச்சுத் திணறி ஓடினவர்கள் குறுகலான கேட்களில் போய் அடைந்தார்கள். 135 பேர். ஒரே ஒரு எதிரணி ரசிகர்கூட இல்லாத மைதானத்தில்.

அதனால்தான் சொல்கிறேன், உயிரைக் காப்பது திறக்கிற கேட், விவரம் தெரிந்த ஊழியர், கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தெரிந்த அதிகாரி. இவை இல்லாத இடத்தில் யார் வந்தாலும் ஆபத்துதான்.

இன்னொன்று. தடை போட்டால் நாங்கள் வராமல் இருந்துவிடுவோம் என்று யார் சொன்னது? பலபேர் ஊர்க்காரர்கள் பகுதியிலேயே டிக்கெட் வாங்கி, சட்டையில் நிறம் தெரியாமல் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். எங்கள் அணி கோல் போட்டபோது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், தானாகத் தூக்கிவிடக் கூடாது என்று. பக்கத்திலிருந்த பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "கஷ்டமா இருக்கு, இல்ல?" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல மனுஷர், அதோடு விட்டுவிட்டார். வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் உங்கள் அதிகாரிகளுக்குத்தான் வேலை வந்திருக்கும். ஒரு மூலையில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நிற்கிற கூட்டத்தை மைதானம் முழுக்கத் தூவிவிடுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

சரி, டிக்கெட் விஷயம். இதில் ஓரளவு நல்லது நடந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2013-ல் இங்கிலாந்தில் ஆர்சனல் அணியின் மைதானத்தில் 62 பவுண்டு டிக்கெட் என்றதும் மான்செஸ்டர் சிட்டி தன் பங்கில் சுமார் 900 டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு ரசிகர்கள் விடாமல் கேட்டதில், 2016-17 சீசனிலிருந்து அந்நாட்டின் பிரீமியர் லீக்கில் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு. எத்தனை இடம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அங்கே 3,000, சின்ன மைதானமானால் பத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியிலும் பத்தில் ஒரு பங்கு. யூஇஎஃப்ஏ போட்டிகளில் இருபதில் ஒரு பங்கு. இந்த விதிகள் எழுதிவைக்கப்பட்டிருப்பதால்தான் நாங்கள் வாய் திறந்து கேட்க முடிகிறது. கேட் எப்போது திறக்கும் என்பதற்கும் இப்படி ஒரு விதி ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

அட்டவணை போடுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சிக்காக ஆட்டத்தை சனிக்கிழமை மதியத்திலிருந்து திங்கள்கிழமை ராத்திரிக்கு மாற்றுவது உங்களுக்கு ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் பேரை நகர்த்துகிற வேலை. எங்களுக்கு வாங்கின ரயில் டிக்கெட் வீண், ஒருநாள் லீவு, ஊர் திரும்ப வண்டியே கிடையாது. உள்ளூர்க்காரர் வேலை முடிந்து நடந்தே வந்துவிடுவார். நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் எப்படி வருவான்? ஜெர்மனியில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைப் புல்தரையில் வீசியும், மைதானத்துக்குள்ளேயே போகாமல் இருந்தும் எதிர்ப்பைக் காட்டின பிறகு 2021-22-லிருந்து அந்நாட்டு முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் திங்கள்கிழமை ஆட்டங்களை எடுத்துவிட்டார்கள். லீக் ஒன்றும் மூழ்கிப்போகவில்லை.

சக்கர நாற்காலியில் வருகிற ஒரு நண்பர் எங்களோடு உண்டு. பல மைதானங்களில் அவருக்கான இடம் ஊர்க்காரர்கள் பகுதியில்தான். நாங்கள் இந்த மூலையில், அவர் அந்தப் பக்கம், எதிரணிக் கொடிகளுக்கு நடுவே தனியாக. கோல் விழுந்தால் எங்கள் பக்கம் பார்த்து ஒரே ஒரு விரலை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டுவார், யாருக்கும் தெரியாமல். அவரிடம் எப்போதும் நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம். உண்மையில் கேட்க வேண்டியது நாங்கள் இல்லை.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கப் போவதில்லை. நாற்காலியை உடைக்கிறவன் எங்களில் இருக்கிறான். புகைக்குண்டைக் கால்சட்டைக்குள் ஒளித்து எடுத்து வந்து, குழந்தைகளுக்குப் பக்கத்தில் கொளுத்துகிறவன் இருக்கிறான். எதிரணியின் துக்கத்தைக் கேலி செய்து பாட்டுப் பாடுகிற கேவலமும் நடக்கிறது. அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறேன், 'நிறுத்துடா' என்று சொல்லாமலும் இருந்திருக்கிறேன். அது என் தப்பு. அவனைப் பிடியுங்கள். உங்களிடம் கேமரா இருக்கிறது, டிக்கெட்டில் பேர் இருக்கிறது. அவன் ஒருத்தனுக்குத் தடை போட்டால் முதலில் கைதட்டுவது நாங்களாகத்தான் இருக்கும். அவனைப் பிடிப்பது சிரமம் என்பதற்காக, பேனருக்குப் பின்னால் ஒதுங்கின அந்தக் குழந்தையையும் சேர்த்து அடைத்து வைக்காதீர்கள்.

ஐரோப்பா கவுன்சில் (Council of Europe) என்ற நாடுகளின் அமைப்பு 2016-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் சான் தெனியில் மைதானப் பாதுகாப்பு பற்றி ஓர் உடன்படிக்கை செய்தது. பெல்ஜியத்தின் ஹெய்செல் மைதானத்தில் 39 பேர் செத்த 1985-ல் எழுதின பழைய உடன்படிக்கையின் இடத்தில் வந்தது இது. பழையது பெரும்பாலும் வன்முறையைத் தடுப்பதைப் பற்றியே பேசியது. புதியது விபத்துப் பாதுகாப்பு, காவல், வந்தவர்களுக்கான சேவை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறது. கடைசிச் சொல்லைக் கவனியுங்கள், சேவை. அதைப் பூட்டின கழிப்பறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நான் கேட்பது பெரிய காசு செலவாகிற காரியம் இல்லை. எங்களைப் பிடித்து வைக்கப் போகிறீர்கள் என்றால் ஆட்டத்துக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், டிக்கெட்டோடு சேர்த்து. எத்தனை நிமிஷம் என்றும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் போனால் பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஒலிபெருக்கியில் யாராவது பேசட்டும், 'இன்னும் தெரியவில்லை' என்றாவது. நாங்கள் உள்ளே இருக்கும்வரை கழிப்பறையும் தண்ணீரும் திறந்திருக்கட்டும். கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பூட்டின் நேரத்தை முடிவு பண்ணுங்கள். கேட்டில் நிற்கிற ஊழியருக்கு முதலில் விவரம் போகட்டும். பாவம், எங்கள் கோபத்தை முகத்துக்கு நேரே வாங்குகிறவர் அவர்தான்.

எங்களுக்கு அடுத்த வெளியூர் ஆட்டம் மூன்று வாரத்தில் வருகிறது, மறுபடியும் ராத்திரி ஆட்டம். அந்த அப்பாவும் வருகிறார், குழந்தையும் வருகிறது. ஊர் திரும்ப ரயிலா, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாடகை வேனா என்று எங்கள் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் இந்த வாரமே முடிவு பண்ணிவிடுவோம்.

இப்படிக்கு,
வெளியூர்ப் பகுதியில் நிற்கும் ஒரு ரசிகன்